பாண்டவர் குழியைப் பார்த்து வருவோமா?

கொங்கு நாட்டுப் பக்கம் போகிறவர்கள் என்னென்ன வாங்கி வருவார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், ஊத்துக்குளி வெண்ணெய்... அப்படியே சென்னிமலை முருகனுக்கும் ஒரு கும்பிடு. நாம் அன்றாடம் சொல்லும் கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று சொல்கிறார்கள் அல்லவா? படி 1,320. முழங்கால் வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம், மலை மேலேயே வண்டி போகிறது.

அதே சென்னிமலையிலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, நொய்யல் ஆற்றின் வடகரையில், கொடுமணல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஈரோடு மாவட்டம், பெருந்துறை தாலுகா. அங்கே வாங்குவதற்கு ஒன்றுமில்லை. கோபுரம் இல்லை, குளம் இல்லை, பஜ்ஜிக் கடைகூடக் கிடையாது. ஆனால் ஆயிரம் பேர் போகும் எத்தனையோ ஊர்களைவிட நம் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய ஊர் இது. ஏனென்றால், அங்கே வயலிலும் மேட்டிலும் கிடப்பவை இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முந்தைய மனிதர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எழுப்பிய கல்லறைகள்.

"கல்லைப் பார்க்கவா லீவு?"

என் தங்கை பெருந்துறையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தை மாதத்தில் ஒரு வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் இந்த யோசனை வந்தது. "அக்கா, கோயில் குளமெல்லாம் பார்த்தாச்சு. ஒரு நாள் கொடுமணல் போய் வரலாம், பேப்பரில் எல்லாம் வந்ததே!" என்றாள். குழந்தைகளுக்கு உற்சாகமில்லை. "கல்லைப் பார்க்கவா லீவு?" என்று பெரியவன் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டான். புளிசாதமும் மோரும் கட்டிக்கொண்டு, காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம்.

ஊரைத் தாண்டிப் புன்செய்க் காட்டுக்குள் நடந்தால், முதலில் கண்ணுக்கு ஒன்றுமே படாது. வேலி, பனைமரம், மேய்கிற ஆடு. அப்புறம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் வட்டமாக நட்டது போல நிற்கும். நடுவில் சின்னக் கற்களைக் கொட்டிக் குவித்தது மாதிரி ஒரு மேடு. ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், அடுத்தது தெரியும், அதற்கடுத்தது தெரியும். "அம்மா, இங்கே ஒண்ணு! அங்கே ஒண்ணு!" என்று கடைசியில் எண்ணி மாளாமல் ஓடியவன் அந்த முகத்தைத் தூக்கிய பெரியவன்தான்!

வட்டமாக நிற்பதைக் கல்வட்டம் என்றும், நடுவில் குவிந்திருப்பதைக் கற்குவை என்றும் சொல்கிறார்கள். 2020-இல் இங்கே அகழாய்வு செய்த மாநிலத் தொல்லியல் துறையினர் இப்படி 250 வட்டங்களை அடையாளம் கண்டார்கள். இடுகாடு மட்டும் ஏறக்குறைய 100 ஏக்கர். பக்கத்திலேயே அந்த மனிதர்கள் குடியிருந்த ஊர் மேடும் இருக்கிறது. வாழ்ந்த வீடும் போய்ச் சேர்ந்த இடமும் அக்கம்பக்கமாகக் கிடைப்பது அபூர்வம் என்கிறார்கள். கொடுமணலின் பெருமையே அதுதான்.

கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது?

மேலே தெரிவது வெறும் மூடிதான். விஷயமெல்லாம் கீழே. முதலில் ஆழமாகக் குழி வெட்டுவார்கள். அதற்குள் நாலு பக்கமும் கருங்கல் பலகைகளை நிறுத்தி ஒரு பெட்டி மாதிரி செய்வார்கள். இதற்குப் பேர் கற்பதுக்கை. பல இடங்களில் ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையைத் தாங்கும்படி, ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. சுற்றியுள்ள மண் அழுத்த அழுத்தப் பலகைகள் இன்னும் இறுகுமே தவிர, உள்ளே சாயாது. மேலே ஒரு பெரிய மூடுகல். ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. இதை இடுதுளை என்கிறார்கள். இறந்தவரின் உயிர் வந்து போகும் வழி என்று சிலரும், பிற்பாடு அதே குடும்பத்தில் இறந்தவரின் எலும்பை உள்ளே வைக்கும் வழி என்று சிலரும் சொல்கிறார்கள்.

குழியை மூடி, மேலே கல்லைக் குவித்து, சுற்றிலும் பாறைகளை உருட்டி வந்து வட்டம் கட்டினால் வேலை முடிந்தது. பாறை ஒவ்வொன்றும் நம் இடுப்பு உயரம். பாறையை உடைக்க, பலகையாகப் பிளக்க, இழுத்துவர, தூக்கி மூட எத்தனை பேர் வேண்டும்! அத்தனை பேருக்கும் எத்தனை வேளை சோறு பொங்கியிருப்பார்கள்! ஒரு வீட்டுத் துக்கத்துக்கு ஊரே திரண்டு தோள் கொடுத்திருக்கிறது என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி.

2020-இல் திறந்து பார்த்த ஒரு கல்லறையில் மூன்று அறைகள். வழக்கமாக அறைக்கு வெளியே மூன்று நாலு பானைதான் இருக்குமாம். இங்கே பானையும் கிண்ணமுமாகப் பத்து! கிழக்கிலும் மேற்கிலும் இருந்த இரண்டு பாறைகள் மற்றவற்றைவிடப் பெரியவை. ஊர்த் தலைவருடையதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பானைகளில் தானியம் வைத்திருக்கிறார்கள், போகிற இடத்தில் பசிக்குமே என்று.

சமையற்கட்டும் நகைப்பெட்டியும்

கல்லறையில் வைத்த பொருள்களைப் பற்றிப் படிக்கும்போது நம் வீட்டுப் பரணைக் குடைந்து பார்ப்பது போலத்தான் இருக்கும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானைகள். இரண்டு நிறம் எப்படி வந்தது? வாயைக் கவிழ்த்துச் சூளையில் வைத்தால் உள்பக்கம் காற்று படாமல் கறுத்துவிடும், வெளிப்பக்கம் தணலில் சிவந்துவிடும். கவிழ்த்து வைக்கிற ஒரு கைப்பழக்கம், இரண்டு வர்ணம்! அடி உருண்டையான பானை உருளாமலிருக்க மண்ணாலேயே பிரிமணைகள் செய்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் வைக்கோலில் திரித்ததை அவர்கள் சூளையில் சுட்டு வைத்துவிட்டார்கள்.

நகை விஷயத்துக்கு வந்தால் நமக்கே மலைப்பாக இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இலிருந்து 1990 வரை பல கட்டங்களாக இங்கே அகழ்ந்தபோது, ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் என்பது செக்கச் செவேலென்ற கல். இந்தப் பக்கம் விளைவதில்லை, வடக்கேயிருந்து வர வேண்டும். இன்னொரு கல்லறையில் மணிகள் பதித்த வெண்கலப் புலி ஒன்று.

மணிகள் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை, இந்த ஊரே மணி செய்யும் ஊர்தான். பச்சைக்கல் எனும் பெரில் பக்கத்துப் படியூரிலும், நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலும் கிடைத்தன. பட்டை தீட்டாதது, பாதி தீட்டியது, துளை போடாதது என்று எல்லாக் கட்டத்து மணிகளும் ஊர் மேட்டில் கிடைத்திருக்கின்றன. பட்டறை இருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? சேரநாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போகும் பழைய வணிகப் பாதையில் இருந்த ஊர் இது. இந்தியப் பச்சைக் கல்லுக்கு ரோமாபுரியில் இருந்த மவுசைப் பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று ஓர் ஊரின் அணிகலன்களைப் பாடினார்களே, அது இந்தக் கொடுமணல்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு.

இரும்பு உருக்கிய உலை, சங்கு அறுத்து வளையல் செய்த கழிவு, நூல் நூற்ற தக்களிச் சக்கரம் என்று இன்னும் எத்தனையோ. சென்னிமலைத் தறிச் சத்தத்துக்கு எத்தனை தலைமுறைக்கு முந்தைய தொடக்கம் பாருங்கள்! ஐந்நூறுக்கும் மேற்பட்ட பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தைக் கீறி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஆள் பெயர்கள். ஆதன், கண்ணன்... நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொள்வதில்லையா, அதேதான்! பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2012, 2013-ஆம் ஆண்டுகளில் மறுபடி தோண்டியபோது கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஊரின் காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போகிறது என்று கண்டார்கள்.

ஒரு பெண்ணின் வேண்டுகோள்

இந்தக் கல்லறைகளைக் கட்டியவர்கள் மனசில் என்ன இருந்தது என்று எலும்பும் பானையும் சொல்லாது. ஆனால் நம் பழைய பாட்டு சொல்லும். இறந்தவர்களை எரிப்பது, வெளியில் இட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த அறையில் அடைப்பது, தாழியில் வைத்துக் கவிப்பது என்று ஐந்து விதத்தை மணிமேகலை சொல்கிறது. கற்பதுக்கையும் முதுமக்கள் தாழியும் அந்தக் காலத்து மனிதர்களுக்குக் கண்முன் நடந்த காரியம்.

புறநானூற்றில் 256-ஆம் பாட்டு இருக்கிறது. கணவனோடு பாலை வழியே வந்தவள், வழியில் அவனை இழந்துவிடுகிறாள். அவனுக்குத் தாழி செய்யும் குயவனிடம் போய் நிற்கிறாள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சின்னப் பல்லி மாதிரி அவனை ஒட்டியே இத்தனை தூரம் வந்தேன், ஆகையால் எனக்கும் இடம் இருக்கும்படி தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய் என்று கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. பெயர் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு இந்தக் கல்வட்டத்தருகே நின்று பாருங்கள். 'பெருங்கற்காலம்', 'தொல்லியல்' என்ற பெரிய பெரிய வார்த்தைகளெல்லாம் விலகிப்போய், ஒரு குடும்பத்தின் அழுகைச் சத்தம் மட்டும் காதில் விழும்.

பயம் காத்த கற்கள்

நாங்கள் கல்லைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பாட்டி கிட்டே வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தக் கல்லைப் பாக்கவா இத்தனை தொலவு வந்தீங்க?"

"ஆமாம் பாட்டி. இது என்னன்னு உங்க ஊர்ல சொல்வாங்க?"

"பாண்டவங்க குழின்னு சொல்லுவாங்க. வனவாசம் வந்தப்ப அவங்க தங்குன எடமாமா. எங்க மாமியா காலத்துல இன்னும் நெறையக் கெடந்துச்சுங்க. ராத்திரில அந்தப் பக்கம் போவக்கூடாது, கல்லை அசைச்சாக் குடும்பத்துக்கு ஆவாதுன்னு எங்களை மெரட்டி வெப்பாங்க. ஆரும் தொட மாட்டோம். இப்பத்தப் பசங்க எதுக்குப் பயப்படுறாங்க? வண்டியக் கொண்டாந்து ஒரு தள்ளு தள்ளுனா மத்தியானத்துக்குள்ள காடு சுத்தமாயிருது!"

எனக்குச் சுருக்கென்றது. பாட்டி சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

தமிழகமெங்கும், கேரளத்திலும், இந்தக் கல்லறைகளுக்குப் பாண்டவர் குழி, குள்ளர் வீடு, முனியறை என்று ஆளுக்கொரு பெயர். 1823-இல் மலபார்ப் பக்கத்துக் கல்லறைகளைப் பற்றி எழுதிய பாபிங்டன் என்ற வெள்ளைக்காரரே 'பாண்டு குழி' என்ற பெயரைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறார். பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கதை செய்த காரியம் பெரிது. சட்டமும் காவலாளும் இல்லாத காலத்தில், பாட்டிமார் சொன்ன அந்த ஒரு கதையே தலைமுறை தலைமுறையாகக் கல்லுக்கு வேலியாக இருந்திருக்கிறது.

இன்றைக்கு அந்தப் பயம் போய்விட்டது. போகட்டும், நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாக வர வேண்டிய அறிவு இன்னும் எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியில்தான் கல் போய்க்கொண்டிருக்கிறது. நிலத்தைச் சமன் செய்து தென்னை வைக்கிறார்கள், பிளாட் போடுகிறார்கள், பாறையை ஜல்லியாக்குகிறார்கள், கிணற்றுக் கட்டுக்கும் வேலிக்கும் எடுத்துப் போகிறார்கள். உழுகிற குடியானவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கண்ணுக்கு அது ஏர் ஓடாத கற்குவியல். என்ன அதென்று அவருக்கு யார் வந்து சொன்னார்கள்? புதையல் இருக்கும் என்று இரவோடு இரவாகத் தோண்டுகிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்குக் கிடைப்பதும் எலும்பும் ஓட்டாஞ்சல்லியும்தான். தங்கம் இல்லையே என்ற ஆத்திரத்தில் பானைகளை உடைத்தெறிந்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழஞ்சின்னங்களைக் காக்க மத்திய அரசுக்கு 1958-இலும், நம் மாநிலத்துக்கு 1966-இலும் சட்டங்கள் வந்திருக்கின்றன. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்துவிட்டால், 2010-ஆம் ஆண்டுத் திருத்தப்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிதாகக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஆனால் 'அறிவித்துவிட்டால்' என்பதைக் கவனியுங்கள். நாடு முழுவதற்கும் சேர்த்து மத்திய அரசின் பட்டியலில் இருப்பவை ஏறக்குறைய 3,700 சின்னங்கள்தான். கல்வட்டங்களோ ஊருக்கு ஊர் கிடக்கின்றன, அதுவும் பெரும்பாலும் பட்டா நிலத்தில். அத்தனைக்கும் அறிவிப்புப் பலகை நட்டுக் காவல் போட எந்த அரசாங்கத்தாலும் ஆகாது.

இன்னொரு பழைய சட்டமும் உண்டு. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். மண்ணுக்கடியில் மறைந்து கிடந்த பொருள், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நம் நிலம், நம் கிணறு என்றாலும் அப்படித்தான். நாட்டின் பாரம்பரியத்தைப் பேணுவது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று அரசியல் சட்டத்திலும் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் என்றால் நாமும்தானே?

அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்தால்...

"பானையும் மணியும் மியூசியத்துக்குப் போய்விட்டால் போதாதா? கல் அங்கேயே கிடந்து என்ன ஆகப் போகிறது?" என்று என் தங்கையே கேட்டாள். நியாயமான கேள்விதான்.

நம் அஞ்சறைப் பெட்டியைக் குழந்தை கவிழ்த்துக் கொட்டிவிடுகிறது என்று வையுங்கள். கடுகு போய்விட்டதா? இல்லை. வெந்தயம் போய்விட்டதா? அதுவும் இல்லை. எல்லாம் தரையில்தான் இருக்கிறது, ஆனால் சமையலுக்கு ஆகாது. எது எதற்குப் பக்கத்தில் எப்படி இருந்தது என்பது போய்விட்டால் கல்லறையும் அப்படித்தான். மணி கழுத்தருகே கிடந்ததா, கிண்ணத்தில் கிடந்ததா? பானை அறைக்கு உள்ளேயா, வெளியேயா? இடுதுளை எந்தத் திசை பார்த்திருக்கிறது? இவைதான் ஆய்வாளர்களுக்கு எழுத்து. கல்லை நகர்த்திவிட்டால் எழுத்தே அழிந்துவிடும்.

பழனி போகிறவர்கள் பொருந்தல் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பேராசிரியர் ராஜன் குழுவினர் திறந்த ஒரு கல்லறையில், கால் வைத்த ஜாடி ஒன்றில் சுமார் இரண்டு கிலோ நெல் அப்படியே இருந்தது. அதே கல்லறையில் தமிழ் பிராமி எழுத்து கீறிய பிரிமணை ஒன்றும் கிடைத்தது. நெல்லை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்ததில், அதன் காலம் கி.மு. 490 என்று தெரிந்தது. அதனால் பக்கத்திலிருந்த எழுத்தின் காலத்துக்கும் ஒரு பிடி கிடைத்தது. தமிழ் எழுத்தின் வயதைப் பற்றிய பேச்சே அதன் பிறகு சூடுபிடித்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். அதே சிவகளைத் தாழிகளில் கிடைத்த கரித்துண்டு முதலானவற்றை வைத்துத்தான், தமிழகத்தில் இரும்பின் வயது கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டு வரை போகிறது என்று மாநிலத் தொல்லியல் துறையின் அறிக்கை 2025 ஜனவரியில் சொன்னது.

யோசித்துப் பாருங்கள். அந்த ஜாடியில் நெல்லை அளந்து போட்டது யாரோ ஒரு வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து அவள் அள்ளிப் போட்ட நெல் சாட்சி சொல்கிறது. புதையல் தேடி யாராவது அதற்கு முந்தின வாரம் அந்தக் கல்லறையைப் பிரித்திருந்தால், நெல்லைக் கீழே கொட்டிவிட்டு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்!

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியமெல்லாம் வேண்டாம். பார்க்கப் போகும்போது குழந்தைகளைக் கல் மேல் ஏறவிடாதீர்கள். ஒரு பானை ஓடு கிடந்தால்கூடக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். பாறையில் பெயர் எழுதவோ, சுண்ணாம்பு, பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இப்படி வட்டமாகக் கல் கிடக்கலாம். போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள், பள்ளிக்கூட வாத்தியாரிடமோ மாவட்ட அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது தாழியோ பலகைக் கல்லோ தட்டுப்பட்டால் வேலையை அன்றைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ தெரிவித்தால் மேற்கொண்டு செய்ய வேண்டியதை அவர்கள் செய்வார்கள். "வீட்டு வேலை நின்றுபோகுமே" என்று வீட்டுக்காரர் தயங்குவார். ஒரு பெரியவரின் எலும்பின் மேல் கடைக்கால் போட வேண்டுமா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், யோசிப்பார்.

கொடுமணலுக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தை, மாசி ரொம்ப உசிதம். சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு போக வேண்டாம், நிழல் குறைவு. குடிதண்ணீரும் மோரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாடு ஊரறிந்தது. ஆற்றைக் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். முள் அதிகம், எல்லோரும் மூடிய செருப்பு அல்லது ஷூ போட்டுக் கொள்வது நல்லது. கல் இடுக்கில் பாம்பும் தேளும் தங்கும், குழந்தைகள் கையை விடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். கல்வட்டங்கள் பலவும் விவசாய நிலத்தில் இருப்பதால், நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போவதுதான் மரியாதை. அகழ்ந்து முடித்த குழிகளை மறுபடி மண் போட்டு மூடிவிடுவது வழக்கம், ஆகவே தோண்டிய குழியைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். முழுதாக நிற்கும் வட்டங்கள் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தைகளுக்குக் கதை சொல்லுங்கள். "அந்தப் பக்கம் போனால் பேய் பிடிக்கும்" என்று அந்தக் காலத்து மாமியார்கள் சொன்ன கதை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அடுத்த கதையை நாம்தான் சொல்ல வேண்டும். நெல் அளந்து போட்டவளின் கதை, தாழியை அகலமாகக் கேட்டவளின் கதை, மணிக்குத் துளை போட்டவனின் கதை, ஊரே கூடிக் கல் இழுத்த கதை. இதைக் கேட்டு வளரும் பிள்ளை நாளைக்கு நிலம் வாங்குவான், டிராக்டர் ஓட்டுவான், என்ஜினீயராகி ரோடு போடுவான். எதிரே வட்டமாகக் கல் நிற்பதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்துவான். அந்த ஒரு நிமிஷம் போதும், கல் பிழைத்துக்கொள்ளும்.